அப்பாவின் காரில் முன் சீட்

பழைய தெல்தெனியாவை நடந்து பார்த்தவர்கள் இனி நம் வயதுக்காரர்கள்தான். கடைத்தெரு, பஸ் நிற்கும் இடம், எங்கள் டிஸ்பென்சரி எல்லாம் நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டன. நான் எதையாவது பிழையாகச் சொன்னால் திருத்துவதற்கும் உங்களை விட்டால் ஆளில்லை.

போன மாதம் நம்மோடு படித்த ஒருத்தி தொலைபேசியில் பேசும்போது, "உன் அப்பா மாதிரி ஒரு தைரியசாலியைப் பார்த்ததில்லை. பயமே தெரியாத மனிதர்" என்றாள். நான் ஓம், சரிதான் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அதன் பிறகு இரண்டு நாள் எனக்கு ஒழுங்காகச் சாப்பாடு இறங்கவில்லை. நீங்கள் எல்லோரும் அவரைப் பட்டின சபைத் தலைவராக மேடையில் பார்த்தவர்கள். நான் அவர் பக்கத்தில் காரில் உட்கார்ந்திருந்தவள்.

அப்பா அரசாங்க டொக்டர் வேலையை விட்டுவிட்டு வந்து அங்கே டிஸ்பென்சரி திறந்தபோது நான் கைக்குழந்தை. வீடு பின்பக்கம், டிஸ்பென்சரி முன்பக்கம். ஒரு கதவுதான் இடையில். அந்தக் கதவுக்கு அடியால் கார்போலிக் வாசனையும், நோயாளிகள் குடையிலிருந்து வடியும் மழைத் தண்ணீரும் எங்கள் வீட்டுக்குள் வந்துகொண்டே இருக்கும். மருந்துக்கு அவரவர் போத்தல் கொண்டுவர வேண்டும். கம்பவுண்டர் அதில் செந்நிற மிக்ஸரை ஊற்றி, வேளைக் கணக்குக் காட்டும் வெட்டுப்பட்ட காகிதத்தைப் பக்கத்தில் ஒட்டுவார். அந்தக் காகிதங்களை வெட்டுவதற்கு ஒரு சின்னக் கத்தரிக்கோல் இருந்தது. கைப்பிடியில் பச்சை நூல் சுற்றியது. அது எங்கே போயிற்றோ.

அப்பா பேச்சுக் குறைந்தவர். சின்னப் பிள்ளைகளின் நெஞ்சில் குழாயை வைக்கு முன் அந்த வட்டத் தகட்டைத் தன் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்குவார். சிங்களக் கிராமத்துப் பெண்கள், ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து இறங்கி வருகிறவர்கள், கடைத்தெரு முஸ்லிம்கள் எல்லோரும் ஒரே நீள வாங்கில் நெருங்கி உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரு மழைக்காலத்தில் நெருப்புக் காய்ச்சல், அதாவது டைபொயிட், வந்தது. சந்தைக்குப் பின்னால் போன கழிவுநீர்க் கான் உடைந்து, அதன் அழுக்கு பொதுக் கிணற்றுக்குள் ஊறியதுதான் காரணம் என்று அப்பா கண்டுபிடித்தார். சபைக்குப் போய்ச் சொன்னார். அப்போது தலைவராக இருந்தவர் லொறிகளும் சாராயக் கடையும் வைத்திருந்த பெரிய மனிதர். ஹுன்னஸ்கிரியப் பக்கம் மலையில் அவருக்குப் பங்களா. "டொக்டர் மருந்தைப் பாருங்கள், கானை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றாராம். கானை யாரும் பார்க்கவில்லை. ஊரில் தச்சு வேலை செய்த ஒருவரின் இரண்டு பிள்ளைகளும் ஒரே வாரத்தில் போனார்கள். இரண்டாவது பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த அன்று அப்பா குளித்துவிட்டு, சேர்ட்டுப் போடாமலே குசினி வாசலில் வந்து நின்றார்.

"நான் எலெக்‌ஷன் கேக்கப் போறன்" என்றார்.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "எங்களுக்கு ஏன் இந்த வேலை? நாங்கள் இஞ்ச வந்து குடியிருக்கிற ஆக்கள். இப்ப இருக்கிற நிலைமை தெரியாதோ உங்களுக்கு?"

சிங்களம் மட்டும் என்ற மொழிச் சட்டம் வந்திருந்த காலம் அது. கடைத்தெருவில் நாங்கள் போகும்போது சிலர் பேச்சை நிறுத்துவதும், போன பின் தொடர்வதும் எனக்கே தெரியும்.

"கிணத்துத் தண்ணி குடிக்கிற சனத்துக்காகத்தான் கேக்கிறன். வேற ஒண்டுமில்லை" என்றார் அப்பா.

அவருக்குக் கிடைத்த சின்னம் மூக்குக்கண்ணாடி. கம்பவுண்டர் பசைக்குக் கஞ்சி காய்ச்சி வாளியில் எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் கண்ணாடிப் படம் ஒட்டினார். அவர் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய ஆட்களின் வாக்குரிமையை அதற்கு முன்பே பறித்துவிட்டார்கள். "எனக்கு ஓட்டே கிடையாதுங்க பாப்பா. ஆனா ஐயாவுக்கு ஓட்டு வாங்கித் தர எனக்கு எதுக்கு ஓட்டு?" என்று சிரிப்பார்.

முதலில் எல்லாம் விளையாட்டாகத்தான் இருந்தது. பிறகு ஒரு காலை எழுந்து பார்த்தால், எங்கள் மதிலில் யாரோ தாரால் பெரிய மூக்குக்கண்ணாடி கீறியிருந்தார்கள். ஒரு கண் வெறும் வட்டம். மற்றக் கண்ணில் தாரை அப்பி, அது வழிந்து நிலம்வரை வந்திருந்தது. கம்பவுண்டர் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தார். கண்ணாடி அழிந்தது, வழிந்த கோடு அழியவில்லை. பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் அந்தக் கோட்டைப் பார்க்காமல் நடக்கப் பழகினேன்.

வாங்கில் ஆட்கள் குறைந்தார்கள். தலைவரின் ஆட்கள் எதிர்க்கடைப் படியில் உட்கார்ந்து, யார் உள்ளே போகிறார்கள் என்று பார்த்தார்கள். எங்கள் டிரைவர் ஒரு நாள் கார்ச் சாவியை மேசையில் வைத்தார். "மாத்தயா, எனக்கு நாலு பிள்ளைகள்" என்று மட்டும் சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போனார்.  அதன் பிறகு அப்பாவே ஓட்டினார்.

வெள்ளைக் கொடி விஷயம் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். செத்த வீட்டுக்கு வழிகாட்ட நம் பக்கத்தில் றோட்டோரம் வெள்ளைக் கொடி கட்டுவார்கள் அல்லவா? ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது, சந்தியிலிருந்து எங்கள் வாசல்வரை இரண்டு பக்கமும் வெள்ளைக் கொடி கட்டியிருந்தது. கம்பத்துக்குக் கம்பம் ஒழுங்காக, நல்ல வெள்ளைத் துணியில். அம்மா கோலம் போட வெளியே வந்தவள் மாப்பாத்திரத்தோடு அப்படியே நின்றாள்.

அதைவிட மோசம், ஆட்கள் உண்மையாகவே வரத் தொடங்கியதுதான். வெள்ளைச் சேலை கட்டிய கிராமத்துப் பெண்கள் அழுதுகொண்டே வந்தார்கள். புடவைக்கடை நானா தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஓடி வந்து, "யா அல்லாஹ், யாரு மவுத்தானது? டொக்டரா?" என்று கம்பவுண்டரின் தோளைப் பிடித்து உலுக்கினார். அப்பா பாதி ஷேவ் எடுத்த முகத்தில் சவர்க்காரத்தோடு வெளியே வந்தார். ஒரு கிழவி அவரைக் கண்டதும் கையிலிருந்த பூவைக் கீழே போட்டுவிட்டுப் பின்வாங்கினாள். அந்தப் பூக்கள் எங்கள் வாசலில் கிடந்தன. அம்மா யாரையும் தொட விடாமல் விளக்குமாற்றால் கூட்டித் தள்ளினாள். அன்று முழுக்க நான் அப்பாவின் சேர்ட் நுனியைப் பிடித்துக்கொண்டே திரிந்தேன். அவர் மூச்சு விடுகிறாரா என்று பார்க்க வேண்டும் போல இருந்தது.

தேர்தலுக்கு முந்திய வாரம் ஒரு பகல், தலைவரின் பங்களாக் காவல்காரர் மலையிலிருந்து லொறியில் வந்து இறங்கினார். சாரத்தைக்கூட மடித்துக் கட்டாமல் டிஸ்பென்சரிக்குள் ஓடிவந்தார்.

"தொஸ்தர மாத்தயா, தலைவரின் பேரன். தொண்டை அடைத்து மூச்சு எடுக்க முடியவில்லை. உடனே வரச் சொன்னார்" என்றார் சிங்களத்தில்.

"தலைவரே சொன்னவரோ?" என்று கேட்டார் அப்பா.

"அவர்தான் அனுப்பினார்."

கம்பவுண்டர் இடைக்கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் வந்தார். "ஐயா, போகாதீங்க. சொல்றதைக் கேளுங்க. புள்ளைக்குச் சீக்குன்னா கண்டிக்கு கொண்டுபோக அவங்ககிட்ட லொறி இல்லையா? இது பொறிங்க. மலையில மூடுபனி வேற. அந்த வளைவுங்கள்ல என்ன நடந்தாலும் கேக்க நாதியில்ல."

அப்பா பையைத் திறந்து ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். "தொண்டைக் கரப்பான், டிப்தீரியாவாக இருந்தால் கண்டி போகும்வரை தாங்காது" என்றார்.

"பொய்யாக இருந்தால்?" என்று கேட்டாள் அம்மா.

"பொய்யாக இருந்தால் திரும்பி வாறன்."

"வர விட்டால்தானே!"

அவர் பையைப் பூட்டினார்.  அம்மா என் கையைப் பிடித்து அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். அலுமாரியிலிருந்து என் கோயிற்சட்டையை எடுத்து மாட்டினாள். தலையை இரண்டாகப் பிரித்து இழுத்துப் பின்னினாள். சிவப்பு ரிப்பன் கட்டினாள். அவள் விரல்கள் குளிர்ந்திருந்தன. எங்கேயோ விசேஷத்துக்குப் போகிறோம் என்று நினைத்தேன்.

காரடியில் வைத்து அப்பாவிடம், "இவளையும் கூட்டிக்கொண்டு போங்கோ. பிள்ளை இருந்தால் கைவைக்க மாட்டினம்" என்றாள்.

 அப்பா மறுப்பார் என்றுதான் கம்பவுண்டரும் நினைத்திருக்க வேண்டும், ஏனென்றால் அவர் என் தோளில் கைவைத்துப் பின்னுக்கு இழுத்தார். அப்பா என் ரிப்பனைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். பிறகு முன் கதவைத் திறந்தார்.

"ஏறு பிள்ளை."

அம்மா யன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, "நிமிர்ந்து இரு. எல்லாருக்கும் தெரியிற மாதிரி இரு" என்றாள்.

எனக்கு ஒன்பது வயது. அவள் சொன்னதன் பொருள் எனக்கு விளங்கவில்லை என்று இவ்வளவு காலமும் மற்றவர்களிடம் சொல்லி வந்திருக்கிறேன். விளங்கியது. முழுக்க இல்லாவிட்டாலும், வயிற்றுக்கு விளங்கியது.

காவல்காரர் பின்சீட்டில் இருந்தார். தேயிலை தொடங்கும் இடத்தில் பனியும் தொடங்கியது. அப்பா விளக்கைப் போட்டார். வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பி எங்கள் முகத்தில்தான் விழுந்தது. ஒவ்வொரு வளைவிலும் ஹோர்ன் அடித்தார். நான் நிமிர்ந்து, கழுத்து நோக நோக இருந்தேன்.

ஒரு வளைவில் லொறி ஒன்று றோட்டுக்குக் குறுக்கே நின்றது. சுற்றிவர ஐந்தாறு பேர். அப்பா காரை நிறுத்தினார். ஒருவன் மெதுவாக நடந்து என் பக்கம் வந்தான். யன்னலில் முழங்கையை ஊன்றித் தலையை உள்ளே விட்டான். சாராயமும் ஈரக் கம்பளியும் மணந்தது.

"இது யார்?"

"மகள்" என்றார் அப்பா.

அவன் என்னைப் பார்த்தான். அவன் கண் இமையில் பனித்துளி நின்றது. அது விழுமா விழாதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பின்சீட்டிலிருந்த காவல்காரர் ஏதோ சிங்களத்தில் கத்தினார். அந்த ஆள் தலையை வெளியே எடுத்து, மற்றவர்களோடு பேசினான். பிறகு அவர்கள் லொறியைத் தள்ளினார்கள். ஒரு கார் போகும் அளவுக்கு இடம் வந்தது. அப்பா முதலாவது கியரில் அந்த இடைவெளிக்குள் நுழைந்தார். என் பக்கம் லொறி, அவர் பக்கம் பள்ளம். அவர் வாய்க்குள் தேவாரம் முணுமுணுப்பது கேட்டது. அவருக்கும் பயம் வரும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

அந்த லொறி பழுதாகித்தான் நின்றதா, எங்களுக்காக நின்றதா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அதைத் தெரிந்தவர்கள் உயிரோடு இல்லை.

நோய் உண்மைதான். பங்களாப் படியேறும்போதே அந்தச் சத்தம் கேட்டது. பலகையை அரத்தால் இழுப்பது போல ஒரு மூச்சு, பிறகு நீண்ட இடைவெளி, பிறகு மறுபடி. அப்பா ஓடினார். என்னை ஒருவரும் கவனிக்கவில்லை. மண்டபத்தில் தலைவர் தனியாகக் கதிரையில் இருந்தார். ஊரில் கண்டபோதெல்லாம் மலை மாதிரித் தெரிந்தவர், அங்கே பனியனோடு, காலில் செருப்பும் இல்லாமல் இருந்தார்.

அப்பா உள்ளேயிருந்து வந்து சிங்களத்தில் சொன்னார்: "தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாய் வைக்க வேண்டும். இங்கேயே, இப்போதே."

"செய்யாவிட்டால்?"

"பொழுதுபடும்வரை இருக்காது."

"செய்தால்?"

"சொல்ல முடியாது" என்றார் அப்பா. "நான் பயிற்சிக் காலத்தில் செய்தது. அதற்குப் பிறகு செய்ததில்லை."

வேறொரு டொக்டராக இருந்தால் அந்த வீட்டில் அந்த நேரத்தில் அப்படிச் சொல்லியிருப்பாரா? தலைவர் தலையை மட்டும் அசைத்தார். கதவு மூடியது. பிறகுதான் அவர் என்னைக் கண்டார். கையை நீட்டிக் கூப்பிட்டார். போகாமல் இருக்கப் பயமாக இருந்தது, போனேன். அவர் என் கையைப் பிடித்தார். விடவேயில்லை. எலும்பு நொறுங்கும் போல இறுக்கினார். அந்தப் பிள்ளை செத்தால் என்னையும் கொன்றுவிடுவார், அதற்காகத்தான் பிடித்து வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். கத்தக்கூடாது, கத்தினால் அப்பாவின் கை நடுங்கும் என்றும் நினைத்தேன்.

உள்ளே அந்த அரம் போன்ற மூச்சு இழுத்தது. இன்னொரு முறை இழுத்தது. நின்றது.

ஒன்றும் கேட்கவில்லை. பனி யன்னலுக்கு வெளியே அசைந்துகொண்டிருந்தது. தலைவரின் வாய் திறந்தபடி இருந்தது. என் விரல்கள் மரத்துப்போய்விட்டன.

கதவு திறந்து அப்பா வந்தார். சேர்ட்டுக் கையில் இரத்தம். "மூச்சு வருகிறது" என்றார். 

தலைவர் அப்போதும் என் கையை விடவில்லை. போன வருடம் என் பேத்திக்குச் சத்திரசிகிச்சை நடந்தபோது, ஆஸ்பத்திரி வாங்கில் பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத பெண்ணின் கையை நான் பிடித்திருந்தேன். அவள் மெல்ல விடுவித்தபோதுதான் எனக்கே தெரிந்தது. அன்றைக்கு அந்தப் பெரிய மனிதரைப் பிழையாக விளங்கிக்கொண்டேன் என்று அறுபது வருடம் கழித்துப் புரிந்தது.

பிள்ளையைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். தாய் அவனை மடியில் வைத்துப் பின்சீட்டில் ஏறினாள்; நான் அவள் பக்கத்தில். தலைவர் முன்னால் அப்பாவின் அருகில். குழாய் வைத்த பிள்ளை அழுதான். கண்ணீர் வழிந்தது, வாய் கோணியது, சத்தம் மட்டும் இல்லை. அப்படி ஒரு அழுகையை நான் கண்டதில்லை; தெல்தெனியா வரும்வரை கண்களை மூடிக்கொண்டே இருந்தேன்.

அப்படித்தான் ஊர் முழுக்க அதைப் பார்த்தது. கடைத்தெரு நடுவே அப்பாவின் காரில், அப்பாவின் பக்கத்தில் தலைவர்! உங்கள் வீடுகளிலும் அன்றிரவு பேசியிருப்பார்கள். டொக்டர் விலைபோய்விட்டார், இரண்டு பேரும் ஒன்றாகிவிட்டார்கள் என்று. மறுநாள் கம்பவுண்டர் வீடு வீடாக ஏறி இறங்கி விஷயத்தைச் சொன்னார். நம்பாதவர்கள் நம்பவில்லை. ஆனால் தலைவர் அந்த வாரம் முழுக்க ஆஸ்பத்திரி வாங்கைவிட்டு எழும்பவில்லை. அவர் இல்லாமல் அவருடைய ஆட்கள் எதிர்க்கடைப் படியில் பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளை பிழைத்தான். அப்பா மயிரிழையில் வென்றார்.

வென்ற அன்று ஆட்கள் காரைச் சூழ்ந்துகொண்டார்கள். அப்பா என்னைத் தூக்கிக் காரின் பொனட் மூடியில் நிறுத்தினார். இரும்பு சுட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். "கையை ஆட்டு பிள்ளை" என்றார். ஆட்டினேன்.

கானைக் கட்டினார். கிணற்றுக்குச் சுவர் எழுப்பினார். அதை யாரும் மறுக்க முடியாது. நம் தம்பி தங்கைகள் பிழைத்திருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் நான் சொல்லவந்தது வேறு. அதன் பிறகு எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் அப்பா என்னை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டார். அவரை இன்னும் பெரிய தேர்தலில் நிற்கச் சொல்லிப் பெரிய ஆட்கள் வந்து போனார்கள். கூட்டம் தூரத் தூர நடந்தது. கோயிற்சட்டை, ரிப்பன், முன் சீட். என்னைப் பார்த்தால் சனம் சிரிக்கும், வழி விடும். முதல் தடவை பயத்தில் செய்தது பிறகு அவருக்குப் பழக்கமாகிவிட்டது. அவர் கெட்டவரில்லை. தான் அப்படிச் செய்கிறோம் என்றே அவருக்குத் தெரிந்திருக்காது.

நான் மட்டும் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்வேன். இரவில் பாயை நனைத்தேன். அந்த வயதில்! அம்மா விடியுமுன்னே அதைத் தோய்த்துப் போட்டாள்.

குண்டசாலையில் ஒரு கூட்டம் முடிந்து வரும்போது கல் வந்தது. முன் கண்ணாடி ஒரே நேரத்தில் வெள்ளையாகிப்போனது. பிறகு மெதுவாக, சீனி கொட்டுவது போல என் மடியில் கொட்டியது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. புருவத்துக்கு மேல் ஒரு கீறல், அவ்வளவுதான். அப்பா கைக்குட்டையால் அதை ஒற்றினார். "அம்மாவிட்டச் சொல்லாதே" என்றார். சொல்லத் தேவையிருக்கவில்லை. அம்மா என் பின்னலை அவிழ்க்கும்போது கண்ணாடித் துகள்கள் நிலத்தில் விழுந்தன.

அடுத்த சனிக்கிழமை கலகெதரப் பக்கம் கூட்டம். புதுக் கண்ணாடி போட்ட கார் வாசலில் நின்றது. அப்பா வழக்கம்போல, "பிள்ளை வெளிக்கிட்டாச்சோ?" என்று கேட்டார்.

"அவள் வரமாட்டாள்" என்றாள் அம்மா.

"என்னப்பா இது, சனம் பார்த்துக்கொண்டு நிக்கும்."

"நிக்கட்டும். நான்தான் அண்டைக்கு இவளை ஏத்தி விட்டனான். இனி ஏத்த மாட்டன்."

அப்பா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.  "அப்ப நான் தனியவோ போறது?" என்று கேட்டார். அதைக் கேட்டபோது அவர் முகம் ஒரு சின்னப் பையனுடையது போல இருந்தது.

கூட்டம் என்றால் கோயிலுக்குக்கூடப் போகாதவள், சந்தைச் சத்தத்துக்கே கதவைச் சாத்துகிறவள் என் அம்மா. அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். என்னைக் கம்பவுண்டர் மனைவியின் கையில் பிடித்துக் கொடுத்தாள்.

"நான் வாறன்" என்றாள்.

கார் சந்தியில் திரும்பி மறைந்தது. "ஒண்ணும் ஆகாது பாப்பா, வா, தோசை சுட்டுத் தாறேன்" என்றாள் கம்பவுண்டர் மனைவி. எனக்குத் தோசை வேண்டியிருக்கவில்லை. வாசலில் இருந்தேன். ஒவ்வொரு பஸ்ஸும் வந்து நிற்கும்போது எழுந்தேன். யாராவது வேகமாக நடந்து வந்தால் செய்தி கொண்டு வருகிறார் என்று நினைத்தேன். காரில் இருந்த நாட்களில் எனக்கு இருந்தது ஒரு பயம்தான். என்ன வருகிறது என்று கண்ணால் பார்க்கலாம். வாசலில் இருந்தவளுக்கு வராத லொறிகளும் விழாத கற்களும்கூட வந்து விழுந்தன. அம்மா அத்தனை நாளும் இதில்தான் இருந்திருக்கிறாள்.

விளக்கு வைக்கும் நேரம் கழித்துக் கார் வந்தது. அம்மா இறங்கினாள். தலைமுடி முழுக்கப் புழுதி. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அவள் என் தலையைத் தடவவில்லை. என் புருவத்தைத்தான் தடவினாள், அந்தக் கீறல் இருந்த இடத்தை.

"சரியான பசி" என்றாள். "உள்ள வா, சாப்பிடுவம்."